மூன்று இளநிறங்களின் கணக்கு

கைக்குழந்தைகளுக்கான பனியன் செட் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உடம்பு வெண்ணெய் நிறம், கழுத்து ரிப் புதினாப் பச்சை, மார்பில் இளம் ரோஸில் சின்னதாக ஒரு பிரிண்ட். குழந்தை உடுப்பில் மட்டும் இருந்த இந்த மூன்று இளநிற அமைப்பு இன்று பெரியவர்களின் டி-ஷர்ட், பேக்கிங் அட்டை, கடைப் பலகை வரை வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு நிறத்தை அறிவித்துவந்த பான்டோன் நிறுவனம், 2016ஆம் ஆண்டுக்கு இளஞ்சிவப்பு, இளநீலம் என இரண்டை ஒன்றாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டுக்குப் பீச் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது. ஃபேஷன் வரும், போகும். ஆனால் திருப்பூரை ஒட்டிய நல்லூர் போன்ற பனியன் கம்பெனி ஊர்களுக்கு இந்த அமைப்பு செலவுக் கணக்கிலும் பொருந்துகிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

சாயப்பட்டறையில் ஒவ்வொரு நிறமும் தனி லாட். சின்ன ஆர்டரை ஏழெட்டு நிறங்களாகப் பிரித்தால் மெஷின் அரைகுறையாக ஓடும். நிறம் மாறும்போதெல்லாம் கழுவவும் வேண்டும். மூன்றோடு நிறுத்தினால் ஒரு நிறமே ஒரு டிசைனில் உடம்பாகவும், அடுத்ததில் ரிப்பாகவும், இன்னொன்றில் பிரிண்டாகவும் வரும். இப்படி இடம் மாற்றியே ஆறு விதமான உடுப்புகள் கிடைக்கும். பெரும்பங்கு ஒன்று, துணைக்கு ஒன்று, துளியாக ஒன்று என்று வடிவமைப்பாளர்கள் சொல்லும் 60–30–10 விகிதமும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இளநிறத்துக்கு உப்பும் குறைவு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்நிறத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரை, சமயத்தில் அதற்கு மேலும் போடுவார்கள். இளநிறத்துக்கு 20, 30 கிராமே போதும். 100 கிலோ துணியைக் கறுப்பாக்க 5 கிலோவுக்கு மேல் சாயம் பிடிக்கும். இளம் ரோஸுக்கு 100 கிராம்கூட ஆகாது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை இந்தப் பகுதி மறக்க முடியாது. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டிய இடத்தில், போடாத உப்பைப் பிரித்தெடுக்கும் செலவு இல்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கறுப்புக்கு அரைகுறை வெளுப்பு போதும். இளநிறத்துக்கு முழு வெளுப்பு வேண்டும். எண்ணெய்க் கறை, பஞ்சில் கலந்த பிளாஸ்டிக் இழை எல்லாம் பளிச்சென்று தெரியும். 100 கிராம் சாயத்தில் சில கிராம் பிசகினாலே ஷேடு மாறிவிடும். பகல் வெளிச்சத்தில் பொருந்திய உடம்பும் ரிப்பும் கடையின் டியூப்லைட்டில் வேறு வேறாகத் தெரிவதும் உண்டு. எல்லாம் உண்மையே. ஆனால் நல்ல நூல், சுத்தமான நிட்டிங், சரியான எடை, லைட் பாக்ஸில் இரண்டு மூன்று விளக்குகளில் பார்த்து லேப் டிப்பை (சாய மாதிரித் துணியை) ஓகே செய்வது ஆகியவை நல்ல கம்பெனி எப்படியும் செய்ய வேண்டியவை. மூன்றே நிறம் என்றால் அந்தக் கவனத்தைச் சிதறாமல் கொடுக்க முடியும்.

நம் மக்களுக்கு அரக்கும் மாம்பழ மஞ்சளும்தானே பிடிக்கும், இளநிறம் சீக்கிரம் அழுக்காகாதா என்ற கேள்வியும் வரும். அழுக்கு தெரியும், அதனால் வேலை உடுப்புக்கு இது ஏற்றதல்ல. ஆனால் துவைக்கும்போது சாயம் போவது அடர்நிறத்தில் தெரிகிற அளவுக்கு இதில் தெரியாது. உடல், பார்டர், முந்தி என்று மூன்று நிறத்தில் சேலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த அமைப்பும் புதிதல்ல. சொந்த பிராண்டு தொடங்கும் சிறு உற்பத்தியாளர்கள் கம்ப்யூட்டர் திரையில் மூன்று நிறத்தை முடிவு செய்துவிட்டுப் பட்டறைக்குப் போக வேண்டாம். முதலில் சாயக்காரரோடு உட்கார்ந்து, திரும்பத் திரும்ப ஒரே ஷேடில் எடுக்க முடிகிற மூன்றைத் தேர்ந்தெடுங்கள்.