பராமரிப்பவருக்கும் பராமரிப்பு தேவை

கிள்ளானில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் பாட்டியின் உடலைத் துடைத்து, கஞ்சியும் மாத்திரையும் கொடுத்த பின்னரே அம்மா பிரிக்பீல்ட்ஸில் உள்ள அலுவலகத்திற்கு இரயிலேறுகிறார். பகலில் பாட்டியைத் தாத்தா கவனித்துக்கொள்கிறார். அவருக்கும் எழுபது வயது கடந்துவிட்டது. மாலையில் வீடு திரும்பியதும் அம்மாவின் இரண்டாவது பணி தொடங்குகிறது.

மலேசியாவில் 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் மூத்த குடிமக்கள் ஆவர். 2030ஆம் ஆண்டில் அவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினராக இருப்பர் என எதிர்பார்க்கப்படுகிறது. முன்பு கூட்டுக் குடும்பத்தில் பலர் பகிர்ந்துகொண்ட இப்பொறுப்பு, குடும்பங்கள் சிறுத்துவிட்ட இக்காலத்தில் பெரும்பாலும் ஒருவர் தோளிலேயே விழுகிறது.

இது எளிய பணியன்று. படுத்த படுக்கையாய் இருப்பவருக்குப் படுக்கைப்புண் வராமல் தடுக்க, சில மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இதனால் பராமரிப்பவரின் உறக்கம் கெடுகிறது, முதுகு வலிக்கிறது. களைப்பு மிகும்போது சில வேளைகளில் கோபம் வருகிறது. பின்னர், ‘பெற்ற தாயிடம் சினந்துவிட்டோமே’ என்ற குற்ற உணர்வு மனத்தை வாட்டுகிறது. இஃது அன்பின்மையால் வருவதன்று, ஓய்வின்மையால் வருவது.

ஆகவே, பராமரிப்பவர் உதவி கேட்கத் தயங்கக்கூடாது. படுத்த படுக்கையாய் இருப்போரைப் பராமரிக்கும் தகுதியுள்ள குடும்பங்களுக்குச் சமூகநல இலாகா மாதாந்திர உதவித்தொகை வழங்குகிறது. 2021ஆம் ஆண்டில் அத்தொகை 350 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. 1991ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் கடும் நோயுற்றோரின் வீடுகளுக்கே மருத்துவரையும் தாதியரையும் கட்டணமின்றி அனுப்புகிறது. நடமாடக்கூடிய முதியோர் பகற்பொழுதைக் கழிக்க மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் உள்ளன. உதவியும் ஆலோசனையும் பெற 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம்.

வெளியுதவி மட்டும் போதாது. குடும்ப உறுப்பினர்கள் ஒன்றுகூடிப் பேசி, யார் எந்த நாளில் என்ன செய்வது என அட்டவணை இடலாம். மாணவர்களும் மாத்திரை வேளையை நினைவூட்டலாம்; பாட்டிக்கு நாளிதழ் வாசித்துக் காட்டலாம். அந்த அரைமணி நேரத்தில் அம்மா சற்றே கண்ணயர்வார். முதியோரை நேசிப்பது போலவே, அவர்களைத் தாங்கும் கைகளையும் நாம் தாங்குவோமாக.