அழித்த வன்தட்டுப் பகுதி மீண்டும் கிடைக்குமா?

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் 1 டெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு இருக்கிறது. அதாவது ஹார்ட் டிஸ்க். அதில் ‘டி டிரைவ்’ என்ற பகுதியில் அக்காவின் திருமணப் படங்களும், உங்கள் செய்முறைத் திட்டக் கட்டுரையும் உள்ளன. புதிய இயங்குதளத்தை நிறுவும்போது யாரோ தவறான வரியைத் தேர்ந்தெடுத்து ‘நீக்கு’ என்று கட்டளை கொடுத்துவிட்டார்கள். ஒரே வினாடியில் டி டிரைவ் காணாமல் போயிற்று. படங்கள் அழிந்துவிட்டனவா?

பதறுவதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 டெராபைட் என்பது 1 லட்சம் கோடி பைட். நம் வன்தட்டு வினாடிக்கு 150 மெகாபைட் எழுதும் என்று வைத்துக்கொள்வோம். தட்டு முழுவதையும் சுழிகளால் நிரப்பி அழிக்க 10,00,000 ÷ 150, அதாவது ஏறத்தாழ 6,670 வினாடிகள் ஆகும். இது 1 மணி 51 நிமிடம். ஆனால் கணிப்பொறியோ ஒரு வினாடியில் வேலையை முடித்துவிட்டது. அப்படியானால் அது படங்களைத் தொடவே இல்லை என்பது தெளிவாகிறது அல்லவா? பின் எதைத்தான் அழித்தது?

16 பைட்டுகள்

வன்தட்டினுள் கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. பூச்சின் நுண்ணிய பகுதிகள் எந்தத் திசையில் காந்தமாக்கப்பட்டுள்ளன என்பதைக் கொண்டே செய்திகள் பதிவாகின்றன. மின்சாரம் நின்றாலும் இந்தக் காந்தத் திசை மாறாது. எழுதுமுனை மீண்டும் அதே இடத்தில் எழுதினால்தான் மாறும்.

தட்டின் பரப்பு 512 பைட் கொண்ட செக்டார்களாக எண்ணிடப்பட்டுள்ளது. 1983-ல் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடன் ‘பி.சி. எக்ஸ்டி’ என்ற கணிப்பொறியை வெளியிட்டது. வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் பட்டியல் முறை அப்போது நடைமுறைக்கு வந்தது. முதல் செக்டாரில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கு. அடுத்த 64 பைட்டுகள் பகுதிப் பட்டியலுக்கு. கடைசி இரண்டு பைட்டுகளில் 85, 170 என்ற எண்கள் அடையாள முத்திரையாக நிற்கும்.

பட்டியலில் நான்கு வரிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 16 பைட். ஒரு பகுதி எந்த வகையைச் சேர்ந்தது, எந்த செக்டாரில் தொடங்குகிறது, எத்தனை செக்டார் நீளம் என்பவை அந்த வரியில் இருக்கும். ‘நீக்கு’ என்றதும் சுழியாக்கப்பட்டது அந்த 16 பைட் மட்டுமே!

எல்லைக் கற்கள்

ஒரு கிராமத்தின் நிலப் பதிவேடு தீயில் எரிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். வயல்கள் எங்கேயும் போய்விடவில்லை. நெற்பயிர் அப்படியே நிற்கிறது; வரப்புகளும் எல்லைக் கற்களும் இருக்கின்றன. சர்வேயர் வந்து கற்களைத் தேடிக் கண்டுபிடித்து, அளந்து, பதிவேட்டைத் திரும்ப எழுதிவிடலாம்.

வன்தட்டிலும் இத்தகைய கற்கள் உண்டு. விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். முறையில், ஒவ்வொரு பகுதியின் முதல் செக்டாரிலும் அந்த முறையின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதே செக்டாரில் அந்தப் பகுதிக்கு எத்தனை செக்டார் என்பதும் இருக்கும். கல் கிடைத்த இடமே பகுதியின் தொடக்கம். கல்லில் பொறித்திருப்பது அதன் நீளம். இழந்த வரியை எழுத இந்த இரண்டும் போதும். முதல் கல் சிதைந்தாலும், அதன் நகல் ஒன்று பகுதியின் கடைசியில் இருக்கிறது.

கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருள் இந்தச் சர்வேயர் வேலையைத்தான் செய்கிறது. இன்றைய கணிப்பொறிகளில் பெரும்பாலும் ஜி.பி.டி. என்ற புதிய பட்டியல் முறை உள்ளது. அது பட்டியலின் நகல் ஒன்றைத் தட்டின் இறுதியிலும் வைத்திருக்கிறது. ஆனால் ‘நீக்கு’ என்று முறைப்படி கட்டளையிட்டால் இரண்டு பட்டியல்களும் மாறிவிடும். அப்போதும் எல்லைக் கற்களையே தேட வேண்டும்.

கற்களும் சிதைந்துவிட்டால் கோப்புகளின் தலைப்பகுதியைத் தேடலாம். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216 என்ற இரண்டு பைட்டுகளுடன் தொடங்கும். ‘ஃபோட்டோரெக்’ என்ற மென்பொருள் இவ்வாறு தேடிப் படங்களைப் பொறுக்கி எடுக்கிறது. ஆனால் கோப்பின் பெயரும் அது இருந்த அடைவும் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. துண்டு துண்டாகப் பதிந்த கோப்புகள் முழுமையாகக் கிடைக்காமலும் போகலாம்.

முதலில் செய்ய வேண்டியது

மீட்பு வெற்றியா தோல்வியா என்பது, அழித்தபின் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. உடனே அந்த வன்தட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணிப்பொறி கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். மீட்பு மென்பொருளைக் கூட அதே தட்டில் நிறுவக் கூடாது. காலியாகத் தோன்றும் நிலத்தில் வேறொருவர் ஏர் பூட்டினால் பழைய பயிர் போய்விடும். எந்த சர்வேயராலும் அதைத் திருப்பித் தர இயலாது.

அடுத்து, தட்டு முழுவதையும் செக்டார் செக்டாராக வேறொரு தட்டுக்கு நகலெடுத்து, அந்த நகலில் மீட்பு வேலையைச் செய்வது சிறந்தது. தவறு நேர்ந்தால் மூலம் பத்திரமாக இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். வன்தட்டு ‘டக், டக்’ என்று ஒலித்தால் அது இயந்திரக் கோளாறு. உடனே மின்சாரத்தை நிறுத்தி வல்லுநரிடம் கொடுங்கள். மென்பொருள் அங்கே பயன்படாது. இரண்டாவது, எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தில் சுழலும் தட்டே கிடையாது. மின்னூட்டமாகவே செய்தி பதிகிறது. அதில் ‘டிரிம்’ என்ற ஆணை வந்துவிட்டால், வேண்டாத இடங்களை அதுவே துடைக்கத் தொடங்கும். அங்கே காலதாமதம் பேராபத்து.

செய்து பாருங்கள்

தேவையற்ற ஒரு பழைய பென் டிரைவில் பத்துப் படங்களைப் பதியுங்கள். ஆசிரியர் உடனிருக்க, அதன் பகுதியை நீக்குங்கள். பிறகு டெஸ்ட்டிஸ்க்கை இயக்கி, பென் டிரைவைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ‘அனலைஸ்’, ‘குவிக் சர்ச்’ என்ற கட்டளைகளை வரிசையாகக் கொடுங்கள். கண்டுபிடித்த பகுதியிலுள்ள கோப்புகளின் பெயர்களைத் திரையில் பார்த்து, அவை சரிதான் என்று தெரிந்த பின்னரே ‘ரைட்’ கொடுங்கள். பென் டிரைவைக் கழற்றி மீண்டும் செருகினால் பத்துப் படங்களும் வந்து நிற்கும்.

இனி இன்னொரு முறை பகுதியை நீக்கி, புதிய பகுதி உருவாக்கி, அது நிறைய வேறு கோப்புகளைப் பதியுங்கள். இப்போது தேடுங்கள், பழைய படங்கள் கிடைக்க மாட்டா. இரண்டு சோதனைகளின் முடிவையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

அதை எழுதி முடித்ததும், உங்கள் வீட்டு முக்கியக் கோப்புகளுக்கு வேறொரு தட்டில் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே ஒன்று எடுத்துவிடுங்கள்.