பிளானை ஏத்துறதுக்கு முன்னாடி ரவுட்டரை நகர்த்துங்க: டிவி சுத்தாம ஓட ஒரு பட்ஜெட் கணக்கு



"30 எம்பிபிஎஸ் கனெக்ஷன் இருக்கு. ஆனா டிவியில படம் போட்டா சுத்திக்கிட்டே நிக்குது. 100-க்கு மாறிடலாமா?" புதுக்கோட்டை பக்கம் ஃபைபர் போட்ட வீடுகள்ல இப்போ அதிகமா கேக்குற கேள்வி இதுதான். மாறுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு வருஷத்துக்கு 4,248 ரூபாய்

உங்க பிளான் மாசம் 599 ரூபாய்னு வைங்க. 18% ஜிஎஸ்டி சேர்த்தா 706.82. அதை 899 பிளானா மாத்தினா 1,060.82. வித்தியாசம் மாசம் 354 ரூபாய், வருஷத்துக்கு 4,248 ரூபாய்! சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருக்கிற பிள்ளை அனுப்புற காசுல இது போகுதுன்னா, யோசிச்சுத்தான் செலவு பண்ணணும்.

உண்மையில ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஸ்பீடு தேவை? நெட்ஃபிளிக்ஸ் சொல்ற அளவுப்படி ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும். ஹால்ல 4கே டிவி 15, ரூம்ல ஒருத்தர் போன்ல படம் 5, அம்மா வெளிநாட்டுக்கு வீடியோ கால் 3 அல்லது 4. கூட்டிப் பாருங்க, 25-க்குள்ள முடிஞ்சிடும். அப்போ 30 எம்பிபிஎஸ் முழுசா டிவி வரைக்கும் போய்ச் சேர்ந்தா போதும். போய்ச் சேராததுதான் பிரச்சினை.

டேட்டா தீந்துடுமோன்னு பயப்படுறவங்களுக்கும் ஒரு கணக்கு. எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 3 ஜிபி எடுக்கும். பல ஃபைபர் பிளான்கள்ல மாச வரம்பு 3,300 ஜிபி. அதுல 1,100 மணி நேரம் பார்க்கலாம். ஒரு மாசத்துல இருக்கிறதே 720 மணி நேரம்தான்!

தெரு வரைக்கும் வந்தாச்சு, வீட்டுக்குள்ள வரல

தமிழ்நாட்டோட 12,525 ஊராட்சிகளையும் ஃபைபர்ல இணைக்கணும்ங்கிறதுதான் பாரத்நெட் திட்டத்தோட இலக்கு. இங்க அதைச் செய்ய தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம்னு தனி நிறுவனமே இருக்கு. பிஎஸ்என்எல், தனியார் கம்பெனிகள், லோக்கல் கேபிள்காரர்னு இணைப்பு கொடுக்க ஆளுக்கும் பஞ்சமில்ல. தெரு வரைக்கும் வர்ற வேகம், வீட்டுச் சுவத்துல முட்டி நின்னுடுது.

இதுக்கு நல்ல உதாரணம் திருமயம் பக்கம் இருக்கிற ராயவரம், கோனாப்பட்டு, குழிபிறை மாதிரி ஊர்கள்ல நகரத்தார் கட்டின பழைய வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படின்னு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெரு வரைக்கும் நீளும். சுவர் எல்லாம் நல்ல கனம். லைன்காரர் முகப்புலயே ரவுட்டரை மாட்டிட்டுப் போயிடுவார். டிவி இருக்கிறது இரண்டாம் கட்டுல. நடுவுல நாலஞ்சு சுவர். அங்க 300 எம்பிபிஎஸ் போட்டாலும் டிவி சுத்தத்தான் செய்யும்.

புதுசா கட்டின மாடி வீட்லயும் இதே கதைதான். கீழ ரவுட்டர், மேல டிவி, நடுவுல கான்கிரீட் தளம்.

என்ன செய்யணும்? இந்த வரிசையில பண்ணுங்க

1. முதல்ல அளந்து பாருங்க. போன்ல ஃபாஸ்ட்.காம் திறங்க. ரவுட்டர் பக்கத்துல நின்னு ஒரு தடவை, டிவிக்குப் பக்கத்துல நின்னு ஒரு தடவை பாருங்க. ரவுட்டர்கிட்டயே கம்மியா வந்தா, கம்பெனிக்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் கொடுங்க. அங்க சரியா வந்து டிவிகிட்ட குறைஞ்சா, வேலை உங்க வீட்டுக்குள்ளதான்.

2. ரவுட்டரை நகர்த்துங்க. பீரோ மேல, டிவி பின்னாடி, மூடின கப்போர்டுக்குள்ள வைக்காதீங்க. தலை உயரத்துல, வீட்டுக்கு நடுவுல, திறந்த இடத்துல வைங்க. புது கனெக்ஷன்னா, லைன்காரர் ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடியே "டிவி இருக்கிற இடத்துக்கு இழுங்க"ன்னு சொல்லிடுங்க. இந்த ஒரு வார்த்தைக்குச் செலவே இல்ல.

3. டிவியை 5 கிகாஹெர்ட்ஸ்ல போடுங்க. 2.4 தூரமா போகும், ஆனா வேகம் கம்மி, பக்கத்து வீட்டு வைஃபையோட மோதும். 5 வேகமானது, ஆனா சுவரைத் தாண்டத் திணறும். ரவுட்டரும் டிவியும் ஒரே ரூம்ல இருந்தா 5-தான் சரி.

4. லேன் கேபிள் இழுங்க. அசையாம ஒரே இடத்துல இருக்கிற டிவிக்கு வைஃபை எதுக்கு? 20 மீட்டர் கேட்-6 வயர், மீட்டர் 25 ரூபாய்னு வச்சாலும் 500 ரூபாய். பல ஸ்மார்ட் டிவிகள்ல லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், 4கே-க்கு அதுவே தாராளம். பழைய வீட்டுல சுவரைத் துளைக்க வேணாம். வளவு தாழ்வாரத்து ஓரமா கிளிப் அடிச்சுக் கொண்டு போகலாம்.

5. தூர ரூமுக்கு ரெண்டாவது ரவுட்டர். அந்த வயரோட முனையில ஒரு சாதா ரவுட்டரை மாட்டி, செட்டிங்ல "ஆக்சஸ் பாயின்ட்" மோட் போட்டா அந்தக் கட்டு முழுக்க வைஃபை கிடைக்கும். வயர் இல்லாம காத்துலயே சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புற விலை கம்மி ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிடும். கனமான சுவர் இருக்கிற வீட்டுக்கு அது தண்டச் செலவு.

6. கரன்ட் போனா? இன்வெர்டர் இருந்தா ரவுட்டர் பிளக்கை அந்த லைனுக்கு மாத்துங்க, அவ்வளவுதான். இல்லாதவங்க ரவுட்டருக்குன்னே வர்ற மினி யுபிஎஸ் வாங்கலாம். வாங்கும்போது அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட்டைப் பாருங்க, பெரும்பாலும் 12 வோல்ட். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ கம்பமெல்லாம் சாஞ்சு எத்தனை நாள் இருட்டுல கிடந்தோம்னு நம்ம மாவட்டத்துக்குச் சொல்லவே வேணாம். அந்த அளவுக்கு எந்த யுபிஎஸ்ஸும் தாங்காது. தினசரி வர்ற சின்னச் சின்ன பவர்கட்டுக்குப் போதும்.

கேபிளை எப்போ நிறுத்தலாம்?

டிவி நல்லா ஓட ஆரம்பிச்சதும் கேபிளை உடனே வெட்டிடாதீங்க. ஒரு மாசம் ரெண்டும் ஓடட்டும். அப்பா அம்மாவுக்கு சேனல் நம்பர் அடிச்சுத்தான் பழக்கம். ஆப் திறந்து தேடுறது அவங்களுக்குக் கஷ்டம்னா, மாசம் 200 மிச்சம் பிடிக்கிறேன்னு அவங்க சீரியலைப் பிடுங்கின மாதிரி ஆயிடும். பிஎஸ்என்எல் ஃபைபர் வச்சிருந்தா ஐஎஃப்டிவி பத்திக் கேளுங்க. 2024 கடைசியில தமிழ்நாட்டுலயும் மத்தியப் பிரதேசத்துலயும்தான் முதல்ல வந்துச்சு. லைவ் சேனல்கள் அந்த நெட்வொர்க் வழியாவே வரும், உங்க டேட்டா கணக்குல சேராது.

இன்னொன்னு, உங்க பிளானோட எந்த ஓடிடி சேர்ந்து வருதுன்னு பாருங்க. 2025 பிப்ரவரியில ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒரே ஆப்பா ஆயிடுச்சு. பிளான்லயே வர்றதுக்குத் தனியா சந்தா கட்டிக்கிட்டு இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க.

சுருக்கமா: அளந்து பாருங்க, நகர்த்துங்க, வயர் இழுங்க. இது மூணும் பண்ணி, ரவுட்டர்கிட்டயும் டிவிகிட்டயும் ஒரே வேகம் வந்து, அப்பவும் பத்தலன்னா தாராளமா பெரிய பிளானுக்குப் போங்க. இல்லன்னா அந்த 4,248 ரூபாயை மாசம் 354-னு ஒரு ஆர்டியில போட்டு வைங்க.

உங்க வீட்டுல ரெண்டு இடத்துலயும் எவ்வளவு ஸ்பீடு வந்துச்சுன்னு கமென்ட்ல போடுங்க.