காற்றை முதலில் வாங்குபவர்கள்

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் வழியில், வெள்ளாற்றை ஒட்டி இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் இப்படிப்பட்ட ஊர்களில் சேதி சொல்வது பேனர்தான். அதில் சிரிப்பவரை ஊருக்கே தெரியும். ஏற்றிக் கட்டியவர் யாரென்று கேட்பாரில்லை.

சின்ன பேனர் என்றால் வேலை எளிது. கடலூர் மாவட்டத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. மரச்சட்டத்தில் ஃப்ளெக்ஸை இழுத்து அடித்து, சவுக்குக் கம்பில் கட்டி, குழி தோண்டி நட்டுவிடுவார்கள். கடை மாடியிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் நிற்கும் இரும்புப் பலகைதான் ஆளைச் சோதிப்பது. ஆங்கிள் சட்டத்தில் ஏறி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிறு முடிய வேண்டும்.

அங்கே எதிராளி உயரம் மட்டுமல்ல, காற்றும்தான்.

20 அடிக்கு 10 அடி பலகையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று நேராக மோதினால் அதன்மேல் விழும் அழுத்தம் குறைந்தது 110 கிலோ. வேகம் 72 ஆனால் அது இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகி 450 கிலோவைத் தொடும். ஃப்ளெக்ஸை முழுதாக விரித்து, பாதி முடிச்சுகளே போட்டிருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த மாவட்டத்துக்குக் காற்றின் பலத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆளைத் தள்ளப் புயல் தேவையில்லை. கோடை மழைக்கு முன் வீசும் திடீர்க் காற்றே போதும்.

2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் அப்படித்தான் நடந்தது. நெடுஞ்சாலை ஓரம் ராட்சத விளம்பரப் பலகையைப் பொருத்திக்கொண்டிருந்தபோது பலத்த காற்று வீச, இரும்புச் சட்டம் சரிந்தது. மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள்.

2019இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து இளம்பெண் பலியானபோது தமிழகமே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். 2024 மே 13இல் மும்பை காட்கோபரில் 120 அடிக்கு 120 அடிப் பலகை பெட்ரோல் பங்க்கின் மேல் சாய்ந்து 17 பேர் மாண்டபோது நாடே பேசியது. கருமத்தம்பட்டியின் மூவர் சில நாளில் செய்தியிலிருந்து மறைந்தார்கள். பலகைக்குக் கீழே நடப்பவரின் உயிர் பற்றிய அக்கறை, மேலே ஏறியவருக்கும் நீள வேண்டாமா?

மின்கம்பி இன்னொரு எமன். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர், கம்பியிலிருந்து கம்பத்துக்கு மின்சாரம் இறங்காமல் தடுக்கும், அவ்வளவே. கம்பியில் உரசும் இரும்புச் சட்டத்துக்கும் அதைத் தூக்கிப் பிடித்தவருக்கும் அதனால் காப்பு இல்லை.

கேட்பது பெரிய சலுகை அல்ல. இடுப்பில் பெல்ட், அதைக் கொக்கி போட உறுதியான ஒரு கம்பி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஏற்றம். காற்று அடித்தால் வேலையை நாளைக்குத் தள்ளலாம், கூலியும் பிடிக்கப்படாது என்ற உறுதி. இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். மறுநாள் காலை திறப்பு விழா என்று நெருக்கினால், கூலியை நம்பி வந்தவர் ஏறத்தான் செய்வார்.

இறக்கும்போதும் முறை உண்டு. முதலில் ஃப்ளெக்ஸை அவிழ்க்க வேண்டும், பிறகு மேல் சட்டம், கால்களை அறுப்பது கடைசியில். 2018 அக்டோபர் 5 அன்று புனேயில் பழைய பலகையை அகற்றும் வேலை நடக்கும்போதே அது சிக்னலில் நின்ற வண்டிகள்மேல் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள்.