பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புத் திட்டங்களைத் தெரிவு செய்தல்

பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புத் திட்டங்களைத் தெரிவு செய்தல் என்பது, வன்முறையைக் குறைக்க எந்நடவடிக்கை உண்மையில் உதவும் எனச் சான்றுகளின் அடிப்படையில் முடிவு செய்வதாகும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18-49 வயதுப் பெண்களுள் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானவர்கள். 2015-16இல் இது 40.6 விழுக்காடாக இருந்தது.

வகைகள்

இத்திட்டங்களை இரு வகைகளாகப் பிரிக்கலாம். முதல் வகை, வன்முறை நிகழ்ந்த பின்னர் பாதுகாப்பும் நீதியும் அளிப்பது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் தொடங்கப்பட்டது. பின்னர் திருத்தணி உள்ளிட்ட பல ஊர்களிலும் இவை அமைக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 181 உதவி எண் ஆகியனவும் பெரும்பாலும் இவ்வகையினவே. இரண்டாம் வகை, வன்முறையை இயல்பெனக் கருதும் மனப்பாங்கை மாற்றி, அது நிகழாமல் தடுப்பது.

அளவிடும் முறை

புகார்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு திட்டத்தை மதிப்பிடுதல் தவறாகும். அச்சம் நீங்கினால் புகார்கள் கூடும். இது வன்முறை பெருகியதாகப் பொருள்படாது. அதுபோல, புகார்கள் குறைவது வெற்றியும் ஆகாது. எனவே பெண்களிடம் தனிமையில் வினவும் ஆய்வும், திட்டம் செயற்படாத ஒத்த பகுதிகளுடனான ஒப்பீடும் தேவைப்படுகின்றன.

சான்றுகள்

மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. மகளிர் உதவி மேசைகள் அமைந்த நிலையங்களில், குறிப்பாகப் பெண் அலுவலர் பொறுப்பில் இருந்த இடங்களில், வழக்குப் பதிவு கூடியது. இது நீதியை அணுகுவதற்கான சான்றேயன்றி வன்முறை குறைந்ததற்கான சான்றன்று.

உகாண்டாவின் கம்பாலா நகரில், பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களே அண்டை அயலாருடன் உரையாடும் 'சாசா!' திட்டம் செயற்படுத்தப்பட்டது. அங்கு கணவர் அல்லது துணைவரின் உடல்சார் வன்முறை ஒப்பீட்டுப் பகுதிகளைவிட 52 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. எனினும் ஆய்வில் 8 பகுதிகளே இடம்பெற்றதால் இம்முடிவு புள்ளியியல் அடிப்படையில் உறுதியானதன்று.

உள்ளூர்ச் சூழல்

ஓரிடத்தில் பயனளித்த திட்டம் பிறிதோரிடத்திலும் அவ்வாறே பயனளிக்கும் எனக் கொள்ள இயலாது. திருத்தணி 1960இல் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்த ஊராகும். இப்பகுதியில் தெலுங்கு பேசுவோரும் வாழ்கின்றனர். ஆகவே உரையாடலை அடிப்படையாகக் கொண்ட திட்டம் இங்கு இரு மொழிகளிலும் அமைதல் வேண்டும். மனமாற்றத் திட்டத்தால் துணிவு பெற்று வெளிவரும் பெண்ணுக்குக் காவல் நிலையமும் தங்குமிடமும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதால், இரு வகைத் திட்டங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை.