இளகுவதும் இறுகுவதும்

அறிவியற் கருத்தொன்றைத் தமிழில் கூறப் புகும்போது, சொல்லே பாதி விளக்கமாக அமைந்துவிடுவதுண்டு. நெகிழிகளை ‘இளகும் பிளாஸ்டிக்’ என்றும் ‘இறுகும் பிளாஸ்டிக்’ என்றும் நம் பாடநூல்கள் வகுத்திருப்பது இதற்குச் சான்றாகும். வெப்பத்தால் இளகி, குளிர்ந்ததும் கெட்டியாவது முதல்வகை. அச்சினுள் வெப்பத்தால் ஒருமுறை இறுகியபின் மீண்டும் இளகாதது இரண்டாம் வகை.

இதன் காரணம் யாது? நெகிழிகள் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனவை. இளகும் வகையில் இச்சங்கிலிகளிடையே வலிமை குன்றிய ஈர்ப்பே உண்டு. சூடேறியதும் அவை ஒன்றன்மீது ஒன்று வழுக்கி நகர்கின்றன. இறுகும் வகையிலோ சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்புகள் தோன்றி, அனைத்தும் ஒரே வலையாகிவிடுகின்றன. அவ்வலை உருகாது, மேலும் சூடேற்றினால் கருகும். ‘பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா?’ என்னும் பழமொழியை இங்கு நினைவுகூரலாம். பிசைந்த மண்ணை மீண்டும் பிசையலாம். சூளையில் வெந்த செங்கல்லைப் பிசைய இயலாது.

தாம்பரத்திற்கு வடமேற்கே, குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இயங்கும் சிறு வார்ப்புக் கூடங்களுக்கு இவ்வேறுபாடு ஏட்டுச் செய்தியன்று. வரவு செலவுக் கணக்காகும். பாலிபுரொப்பிலீன் குருணை ஏறத்தாழ 165 பாகை செல்சியசில் உருகும். வார்ப்பில் மிஞ்சும் துண்டுகளை அரைத்து மீண்டும் எந்திரத்தில் இடலாம். 1907இல் லியோ பேக்லாந்து அமெரிக்காவில் உருவாக்கிய பேக்கலைட்டுக்கு அவ்வாய்ப்பில்லை. அதில் பிழையாக வார்த்த பொருள் கழிவேயாகும். ஆயினும் குக்கர் கைப்பிடியும் மின்விசைக் குமிழும் சூட்டில் இளகிவிடாமல் நம் கைகளைக் காப்பது, அந்த இறுகிய தன்மையினால்தானே!

உடைந்த வாளியை விலைக்கு வாங்கும் காயலான் கடைக்காரர், உடைந்த கைப்பிடியை ஒதுக்கிவிடுவதன் காரணமும் இதுவே. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன், கழிவு நெகிழியைச் சூடான கருங்கற் சல்லியின்மேல் உருக்கிப் பூசித் தார்ச்சாலை அமைக்கும் முறையைக் கண்டார். 2002இல் கல்லூரி வளாகத்தில் அத்தகைய சாலை போடப்பட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அம்முறைக்கு ஏற்றது இளகும் வகை மட்டுமே. அவ்வகையிலும் பி.வி.சி. விலக்கப்படுகிறது, சூடேறினால் அது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடும்.

இளகும் நெகிழிக்கும் எண்ணற்ற பிறவிகள் இல்லை. உருக்குந்தோறும் அதன் சங்கிலிகள் அறுபட்டு வலிமை குறையும். எனினும், சேற்றோடும் உணவுக் கழிவோடும் கலவாமல் பிரித்துக் கொடுத்தால் அதற்கு மறுபிறப்பு உண்டு. தெருமுனையில் இரு வகையையும் ஒன்றாகக் குவித்துக் கொளுத்தினாலோ, எஞ்சுவது நம் பிள்ளைகள் சுவாசிக்கும் நச்சுப்புகையே. எறியுமுன், ‘இது இளகுமா, இறுகியதா?’ என ஒரு கணம் எண்ணுதல் கற்றோர் கடனாகும்.