ஸ்கேலின் குணம் எங்கே இருக்கிறது?

பியானோவில் ஒரு ஸ்தாயிக்குள் 12 ஸ்வரங்கள். ஒவ்வொன்றையும் ஆதாரமாக வைத்து மேஜர் ஒன்று, மைனர் ஒன்று என 24 ஸ்கேல்கள் அமைகின்றன. மேற்கத்திய செவ்வியல் இசையில் எந்த ஸ்கேலில் எழுதப்பட்டது என்பது படைப்பின் பெயரோடு சேர்ந்தே வரும். கர்நாடக சங்கீதத்தில் கல்யாணியை ஒரு கட்டையிலும் பாடலாம், ஐந்து கட்டையிலும் பாடலாம். பாடுகிறவரின் குரலுக்கு ஒத்துவரும் சுருதியே சரியான சுருதி. பியானோ உலகில் அப்படியில்லை. ஒரு படைப்பை அரை ஸ்வரம் ஏற்றினாலோ இறக்கினாலோ அதன் குணமே மாறிவிடும் என்று உறுதியாகச் சொன்ன மேதைகள் அங்கே பலர்.

இந்த நம்பிக்கையை விரிவாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டியான் ஷூபார்ட் என்ற ஜெர்மன் கவிஞர். ஹோகனாஸ்பெர்க் கோட்டையில் சிறைப்பட்டிருந்தபோது, 1784–85 வாக்கில், ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு மனநிலையை அவர் ஒரு நூலில் வரையறுத்தார். சி மேஜர் களங்கமற்றது. ஏ ஃபிளாட் மேஜர் மரணத்துக்கும் கல்லறைக்கும் உரியது. ஈ ஃபிளாட் மைனரோ பேய்கள் பேசினால் எழும் ஒலி. அவர் இறந்த பிறகு 1806-இல் இந்த நூல் வெளிவந்தது. 1835-இல் இதைப் பற்றி எழுதிய ராபர்ட் ஷூமான், இவ்வளவு கறாரான பட்டியலை ஏற்க மறுத்தார். ஆனாலும் ஷூபார்ட் சொன்னதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அவர் காதில் விழுந்த கருவிகள் வேறு.

சட்ஜத்திலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்திலிருந்து அடுத்த பஞ்சமம் என்று சுத்தமாக 12 முறை ஏறினால், ஏழு ஸ்தாயி தாண்டி அதே ஸ்வரத்துக்கு வந்து சேர வேண்டும். வருவதில்லை. ஓர் அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ கால் பங்கு கூடிவிடுகிறது. இந்த உபரியை எங்கே ஒளிப்பது என்பதுதான் கீபோர்டு வாத்தியங்களுக்குச் சுருதி சேர்ப்பதன் வரலாறு. பழைய முறையில் அடிக்கடி வாசிக்கும் ஸ்கேல்கள் இனிமையாக இருக்கும். எட்டாத மூலையில் உள்ளவை காதை அறுக்கும். ஒரு பஞ்சமம் ஊளையிடுவதுபோல் ஒலித்ததால் அதற்கு ஓநாய் என்றே பெயர். பிறகு அந்த உபரியைப் பல ஸ்வரங்களுக்குப் பங்கிடும் முறைகள் வந்தன. 24 ஸ்கேல்களிலும் வாசிக்க முடியும், ஆனால் ஒவ்வொன்றிலும் இடைவெளிகள் கொஞ்சம் கொஞ்சம் வேறு. 1722-இல் பாக் 24 ஸ்கேல்களுக்கும் ஒரு பிரெலூடும் ஒரு ஃபியூகும் எழுதித் தொகுத்தது இந்தக் காலத்தில்தான். ஷூபார்ட் கேட்ட வேறுபாடு அந்தக் கருவிகளில் உண்மையாகவே இருந்தது.

இன்றைய பியானோவில் உபரி சமமாகப் பங்கிடப்படுகிறது. சி மேஜரில் உள்ள இடைவெளிகளும் டி ஃபிளாட் மேஜரில் உள்ள இடைவெளிகளும் அச்சு அசல் ஒன்றே. ஸ்வரத்தின் உயரமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பிரான்ஸ் 1859-இல் ‘ஏ’ ஸ்வரத்துக்கு விநாடிக்கு 435 அதிர்வு என்று சட்டம் போட்டது. 1939-இல் சர்வதேச மாநாடு 440 என்றது. பழங்கால இசையைப் பழைய கருவிகளில் வாசிக்கும் குழுக்கள் இன்று பெரும்பாலும் 415 வைக்கின்றன. 440-க்கும் 415-க்கும் இடையே அரை ஸ்வரம். ஆக, ஒரு ஸ்கேலின் குணம் அதன் அதிர்வெண்ணில் குடியிருக்க வழியில்லை.

ஆனால் விரலில் குடியிருக்கலாம். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட ஒலியியல் நூலில் இதைக் கவனித்தார். சுருதி வேறுபட்ட இரண்டு பியானோக்களில் ஒன்றின் சி, மற்றதன் டி ஃபிளாட் உயரத்திலேயே இருக்கலாம். அப்போதும் சி மேஜர் பளிச்சென்றும் டி ஃபிளாட் மென்மையாகவும் கேட்கிறது என்றார். நீளம் குறைந்த கறுப்புக் கட்டையை விரல் அழுத்தும் விதம் வேறு என்பது அவர் தந்த விளக்கம். ஷோபான் இதைப் பாடமாகவே வைத்திருந்தார். கறுப்புக் கட்டையே இல்லாத சி மேஜரில் மாணவர்களை அவர் தொடங்கவைக்கவில்லை. நீண்ட நடுவிரல்கள் கறுப்புக் கட்டைகள் மேலும் குட்டையான பெருவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டைகள் மேலும் இயல்பாக அமரும் பி மேஜரில் தொடங்கினார். பார்வைக்கு எளிதான சி மேஜரே கைக்குக் கடினம் என்பது அவர் கருத்து.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி ஃபிரான்ஸ் ஷூபர்ட் (மேலே சொன்ன ஷூபார்ட் வேறு) 1827-இல் எழுதிய ஓபஸ் 90 இம்ப்ராம்ப்டுகளில் மூன்றாவது. ஜி ஃபிளாட் மேஜரில் அமைந்த அதற்கு ஆறு ஃபிளாட்கள். அவர் இறந்து 29 ஆண்டுகள் கழித்து, 1857-இல் ஹாஸ்லிங்கர் நிறுவனம் அதை அச்சிட்டபோது அரை ஸ்வரம் ஏற்றி ஜி மேஜருக்கு மாற்றிவிட்டது. படிக்க ஒரே ஒரு ஷார்ப்தான். ஆனால் இந்தப் படைப்பில் வலது கையின் கடைசி விரல்கள் நீண்ட மெட்டைத் தாங்க, மற்ற விரல்கள் இடைவிடாமல் சன்னமான அலைபோல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஜி ஃபிளாட்டில் ஏழு ஸ்வரங்களில் ஐந்து கறுப்பு. விரல்கள் தட்டையாக நீண்டு, கட்டையைத் தடவுவதுபோல் அழுத்துகின்றன. ஜி மேஜரில் கை இறங்கி, விரல் வளைந்து, ஒலி கூர்மையாகிறது. பதிப்பகம் செய்தது சுருதி மாற்றம் மட்டுமல்ல, கையையே மாற்றிவிட்டது. இன்று கலைஞர்கள் மூல ஸ்கேலையே வாசிக்கிறார்கள்.

விரலைப் போலவே காதுக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்வரத்தை வேறெதனோடும் ஒப்பிடாமல் கேட்டமாத்திரத்தில் பெயர் சொல்லும் திறனுக்கு பெர்ஃபெக்ட் பிட்ச் என்று பெயர். பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இது உண்டு என்பது வழக்கமான மதிப்பீடு. சிறுவயதிலேயே இசை பயில்கிறவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. பெய்ஜிங் இசைக்கல்லூரி மாணவர்களையும் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளி மாணவர்களையும் ஒப்பிட்ட டயானா டாய்ச்சின் ஆய்வில், தொனி மாறினால் பொருள் மாறும் சீன மொழி பேசுகிறவர்களிடம் இத்திறன் மிகக் கூடுதலாகத் தெரிந்தது.

இது வரம் மட்டுமல்ல. வயதாகும்போது பலருக்கு இந்த உள்சுருதி நகர்ந்துவிடுகிறது. பியானோ கலைஞர் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டருக்கு அப்படித்தான் நேர்ந்தது. தாம் வாசிப்பது முதுமையில் உயர்ந்த ஸ்கேலில் காதில் விழத் தொடங்கியது. விரல் ஓரிடத்தில், கேட்பது வேறிடத்தில். நினைவிலிருந்தே வாசித்துவந்த அவர், பிற்காலத்தில் நோட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு வாசித்ததற்கு இதுவும் ஒரு காரணம். துல்லியமான காது எல்லோருக்கும் ஒரே குணத்தைக் காட்டுவதுமில்லை. ஸ்கேல்களை நிறங்களாக உணர்ந்த ஸ்க்ரியாபினும் ரிம்ஸ்கி-கோர்சகோவும் டி மேஜர் மஞ்சள் என்பதில் ஒன்றுபட்டார்கள். சி மேஜர் முன்னவருக்குச் சிவப்பு, பின்னவருக்கு வெள்ளை.

பெர்ஃபெக்ட் பிட்ச் இல்லாத காதுக்கும் ஸ்கேலின் குணம் எட்டும் வழி ஒன்று உண்டு: ஒரு படைப்புக்குள் ஒரு ஸ்கேலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது. வாசிப்பவரின் முக்கியமான வேலை இதில்தான். பீத்தோவன் 1821-இல் எழுதிய ஓபஸ் 110 சொனாட்டாவின் கடைசிப் பகுதியில் ஏ ஃபிளாட் மைனரில் ஒரு துயரப் பாட்டு வருகிறது. தொடர்ந்து ஏ ஃபிளாட் மேஜரில் ஒரு ஃபியூக் எழுகிறது. அது உச்சத்தை நெருங்கும்போது துயரப் பாட்டு திரும்புகிறது, அரை ஸ்வரம் இறங்கி, ஜி மைனரில். பலம் இழந்து என்பது பீத்தோவனின் குறிப்பு. மெட்டு இடையிடையே அறுந்து, மூச்சு வாங்குவதுபோல் போகிறது. முதல் பாட்டின் ஒலியளவையே இங்கும் வைத்தால் இந்த இறக்கம் வீணாகும். பிறகு ஜி மேஜர் கார்டு பத்து முறை, ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஓங்கி ஒலிக்கிறது. அவசரப்படாமல், முதல் கார்டை மிகத் தாழ்வாக வைத்து ஏற வேண்டும். அதன்பின் ஃபியூக் தலைகீழாக, ஜி மேஜரில், சிறிது சிறிதாக உயிர் பெற்று என்ற குறிப்போடு தொடங்கி, மறுபடி ஏ ஃபிளாட்டுக்கு ஏறி, அங்கேயே முடிகிறது.